மொட்டைமாடிக் காற்றுமானியை எப்படி நம்புவது?

உடுமலைப்பேட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மொட்டைமாடியில் சிறிய வானிலைக் கருவி வைத்திருக்கிறேன். ஆடிக் காற்றில் தென்னை மட்டைகள் முறிந்து விழும் நாளிலும் அது மணிக்கு 14 கி.மீ. என்றே காட்டுகிறது. கைப்பேசிச் செயலியோ 30 என்கிறது. கருவியில் திருத்த எண் என்று ஓர் இடம் இருக்கிறது. அதை 2 என்று மாற்றிவிடலாமா?"

வேண்டாம். செயலியில் வருவது பெரும்பாலும் யாரும் உங்கள் தெருவில் அளந்த காற்று அன்று. பல கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு கட்டத்துக்கு, திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில் காற்று எப்படி இருக்கும் என்று கணினி போட்ட கணக்கு அது. அதோடு உங்கள் கருவியை ஒத்துப்போக வைத்தால், நீங்கள் அளப்பதற்கே ஒன்றும் மிஞ்சாது.

முதலில் கருவியைப் பார்ப்போம். மூன்று கிண்ணங்கள், ஓர் அச்சு, அதில் ஒரு காந்தம். காந்தம் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் ஒரு சுவிட்ச் மூடித் திறக்கிறது. கருவி அந்தத் துடிப்புகளை எண்ணுகிறது. இது எளிது. கிண்ணம் ஏன் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் நிலைக்கிறது என்பதுதான் எனக்கு எத்தனை முறை யோசித்தாலும் சலிக்காத விஷயம்.

அரைக்கோளக் கிண்ணத்தின் குழிந்த பக்கம் காற்றைப் பிடித்துக்கொள்ளும். குவிந்த பக்கம் வழுக்கி விட்டுவிடும். காற்று எவ்வளவு பலமாகத் தள்ளும் என்பதைச் சொல்லும் இழுவைக் கெழு என்ற எண் குழிந்த பக்கத்துக்கு ஏறக்குறைய 1.42, குவிந்த பக்கத்துக்கு 0.38. அப்படியானால் காற்று தள்ளத் தள்ள, சுழற்சி கூடிக்கொண்டே போகாதா? போகாது. குழிவைக் காட்டும் கிண்ணம் காற்றோடு சேர்ந்து ஓடுவதால் அதன்மீது படும் காற்றின் வேகம் குறைகிறது. எதிரே வரும் கிண்ணத்துக்கோ அது கூடுகிறது. காற்று 30 கி.மீ. வேகத்தில் வீசுகிறது, கிண்ணங்கள் 9.5 கி.மீ. வேகத்தில் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று உணர்வது 20.5, மற்றது உணர்வது 39.5. விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 20.5இன் இருமடியை 1.42ஆல் பெருக்குங்கள்: சுமார் 597. 39.5இன் இருமடியை 0.38ஆல் பெருக்குங்கள்: சுமார் 593. தராசு சமமாகிவிட்டது! கிண்ணம் காற்றின் வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் நிலைக்கிறது.

இதில் காற்றின் அடர்த்தி எங்கேயாவது வந்ததா? இரு பக்கமும் ஒரே அடர்த்தி என்பதால் அது கணக்கிலிருந்து கழன்றுவிட்டது. காற்று மெலிந்த ஊட்டியிலும் கடலோரத் தூத்துக்குடியிலும் இதே கிண்ணம் ஏறக்குறைய இதே விகிதத்தில்தான் சுற்றும். எனக்கு இதில்தான் மனம் நெகிழும்.

1846இல் அயர்லாந்தின் ஆர்மா வானாய்வகத்தைச் சேர்ந்த தாமஸ் ராம்னி ராபின்சன் நான்கு கிண்ணக் காற்றுமானியை அமைத்தார். கிண்ணம் பெரிதோ சிறிதோ, கை நீளமோ குட்டையோ, காற்றின் வேகம் கிண்ணத்தின் வேகத்தைப்போல் எப்போதும் மூன்று மடங்குதான் என்றார். அங்கே அவர் தவறினார். கிண்ணம் எந்நேரமும் காற்றுக்கு நேர்முகமாக நிற்பதில்லை. சுற்றும் வழியெல்லாம் சாய்வாகவும் காற்றை வாங்குகிறது. ஒன்றின் பின்னால் எழும் கலக்கம் அடுத்ததன்மேல் படுகிறது. ஆகவே அந்த எண் கிண்ண அளவையும் கை நீளத்தையும் பொறுத்து மாறும், பெரும்பாலும் மூன்றுக்குக் குறைவாகவே வரும். மூன்றை நம்பிப் பெருக்கிய பழைய பதிவுகள் காற்றை மிகைப்படுத்திவிட்டன. 1926இல் கனடாவின் ஜான் பேட்டர்சன் மூன்று கிண்ணங்கள் இன்னும் சீராகச் சுற்றும் என்று காட்டினார். உங்கள் கருவி அந்த வம்சம்.

எனவே எண்ணைச் சூத்திரத்திலிருந்து எடுக்க முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும். தெரிந்த வேகத்தில் காற்றை ஊதிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கம் இல்லாதவர்களுக்கு ஒரு கார் போதும். காற்றடங்கிய விடியற்காலை, ஆள் நடமாட்டமில்லாத நேர்ச்சாலை. ஓட்டுவது வேறொருவராக இருக்கட்டும். கருவியை ஒரு குழாயில் பொருத்திக் காரின் மேல் கட்ட வேண்டும். காரின் கூரைக்கு மேல் காற்று பிதுங்கி வேகமெடுக்கும். ஆகவே குழாயை நன்றாக உயர்த்திக் கட்டுங்கள். வேகத்தை ஜி.பி.எஸ்.இல் பாருங்கள், காரின் முள் கொஞ்சம் கூட்டியே காட்டும். பரவலாகக் கிடைக்கும் ஒரு வகைக் கருவியில் வினாடிக்கு ஒரு துடிப்பு என்றால் மணிக்கு 2.4 கி.மீ. அதை 40 கி.மீ. வேகத்தில் ஒரு நிமிடம் ஓட்டினால் 1000 துடிப்புகள் வர வேண்டும். போன வழியே திரும்பி வந்து சராசரி எடுங்கள். மெல்லிய காற்று இருந்தாலும் போகும்போது கூட்டியது வரும்போது கழிந்துவிடும்.

20, 30, 50 என்று வேகத்தை மாற்றி, வரைபடத்தாளில் வினாடிக்கு எத்தனை துடிப்பு என்பதைக் கிடையாகவும் வேகத்தைச் செங்குத்தாகவும் குறியுங்கள். நேர்கோடு கிடைக்கும், ஆனால் அது பூஜ்யத்தில் தொடங்காது. பேரிங்கின் உராய்வை வெல்லும்வரை கிண்ணம் அசையாது என்பதுதான் காரணம். கோட்டின் சாய்வு, ஒரு துடிப்புக்கு உங்கள் கருவியில் உண்மையில் எத்தனை கி.மீ. என்பதைச் சொல்லும். அதைக் கருவிக்குச் சொல்லப்பட்ட எண்ணால் (மேலே சொன்ன வகைக்கு 2.4) வகுத்தால் வருவதே உங்கள் திருத்த எண்.

இத்தனைக்கும் பிறகு கருவி சரி என்று தெரிந்தால், குற்றம் இடத்தில்தான். உங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம் இருக்கிறது? மேற்கே என்றால், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றை அது மறைத்துவிடும். அப்போது 2ஆல் பெருக்கினால் ஆடிக்கு ஒருவேளை பொருந்தும். மார்கழியில் வடகிழக்கிலிருந்து தடையின்றி வரும் காற்றையும் அதே 2 பெருக்கிவிடும், அப்போது பதிவேடு பொய் சொல்லும். முறைப்படி, கருவி 10 மீட்டர் உயரத்திலும், தடை எதுவும் இருந்தால் அதன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தள்ளியும் இருக்க வேண்டும். ஊருக்குள் இது நடவாது; தொட்டியைத் தாண்டி உயரும் ஒரு குழாயாவது நடுங்கள்.

இதையெல்லாம் வீட்டுக்காரர் தலையிலேயே கட்டுவது நியாயமில்லை என்று நினைக்கிறேன். காற்றாலை தரும் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 5 சதவீதப் பிழை 16 சதவீதமாக வீங்கிவிடும். அதனால்தான் காற்றாலைக்கு இடம் பார்ப்பவர்கள் தங்கள் காற்றுமானிகளைச் சுரங்கத்தில் சோதித்த பின்பே நடுகிறார்கள். பொறியியல் கல்லூரிகளில் இருக்கும் காற்றுச் சுரங்கங்களை மாதம் ஒரு நாள் பள்ளி மாணவர்களுக்கும் நம் போன்றவர்களுக்கும் திறந்துவிட, அரசு ஒரு சிறு தொகை ஒதுக்கக் கூடாதா?

வரைபடத்தாளைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த வைகாசியில் மறுபடி ஓட்டிப் பாருங்கள். சாய்வு மாறாமல் கோடு மட்டும் மேலே ஏறியிருந்தால் பேரிங்கில் தூசி. சாய்வே மாறியிருந்தால், கிண்ணங்களில் விரிசலோ வளைவோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.