புதியவரின் கையில் சர்வர் பட்டியலைத் திணிக்காதீர்கள்

மாஸ்டோடான் என்பது தனித்தனி ஆட்கள் நடத்தும் பல சர்வர்கள் ஒன்றோடொன்று இணைந்த சமூக வலையமைப்பு. அதில் சர்வர் ஒன்றை நிர்வகிக்கும் எனக்குப் புதியவர்களிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "என் நண்பர் வேறொரு சர்வரில் இருக்கிறார், அவரைப் பின்தொடர அங்கும் கணக்கு தொடங்க வேண்டுமா?" அண்மையில் ஒருவர் நான்கு நண்பர்களுக்காக நான்கு சர்வர்களில் கணக்கு தொடங்கி, கடவுச்சொற்களைக் குழப்பிக்கொண்டு, இந்த வலையமைப்பே வேண்டாம் என்று போய்விட்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வேண்டாம். ஒரு கணக்கு போதும். ஏர்டெல் எண் வைத்திருப்பவர் பி.எஸ்.என்.எல். எண்ணை அழைக்க இன்னொரு சிம் வாங்குவதில்லை, இங்கும் அப்படித்தான். சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்ள உதவும் ஆக்டிவிட்டிபப் என்னும் நெறிமுறையை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2018 ஜனவரியில் தன் பரிந்துரையாக அறிவித்தது. ஒரு சர்வரில் இருப்பவர் மற்றொரு சர்வரில் இருப்பவரைப் பின்தொடர வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஒரு சர்வர் மற்றொன்றைத் தடை செய்திருந்தால் அந்த வழி அடைபடும்.

குழப்பம் எங்கே பிறக்கிறது என்றால், நண்பரின் பக்கத்தை உலாவியில் திறந்து 'பின்தொடர்' என்பதை அழுத்தும் இடத்தில்தான். அந்தப் பக்கம் நண்பரின் சர்வருக்கு உரியது. நீங்கள் யார் என்பது அதற்குத் தெரியாது. 2023 செப்டம்பரில் வந்த 4.2 பதிப்பு உங்கள் சர்வரின் பெயரைக் கேட்டு அங்கேயே அழைத்துச் செல்லும் வகையில் இதைச் சீர்ப்படுத்தியது. இருந்தாலும் எளிய வழி, நண்பரின் முழு முகவரியை (@பெயர்@சர்வர் என்ற வடிவில் இருப்பது) நகலெடுத்து, உங்கள் செயலியின் தேடல் பெட்டியில் ஒட்டுவதே.

இதில் பழைய பயனர்களான நமக்கும் பங்குண்டு. 2022 அக்டோபரில் ட்விட்டர் கைமாறியபோது வந்த கூட்டத்திடம் நாம் நீட்டியது சர்வர் பட்டியலும் பரவலாக்கம், அதாவது எல்லாம் ஒரே இடத்தில் குவியாமல் பல சர்வர்களில் பரவியிருப்பது, பற்றிய சொற்பொழிவும்தான். 2023 மே மாதம் அதிகாரபூர்வச் செயலி மாஸ்டோடான்.சோஷியல் என்னும் சர்வரை முதல் தெரிவாக முன்வைத்தபோது, எல்லாரும் ஒரே இடத்தில் குவிவார்கள் என்று பலர் கொதித்தனர். அந்தக் கவலை நியாயமானது. ஆயினும் ஆள் வராத வலையமைப்பில் பரவலாக்குவதற்கு எதுவும் இருக்காது என்பது என் கருத்து. யாரையாவது அழைக்கிறீர்கள் என்றால், ஒரே ஒரு சர்வரைச் சொல்லுங்கள். பின்தொடரத் தக்க பத்துப் பேரின் முகவரியையும் கூடவே அனுப்புங்கள். முகப்பு வெறுமையாக இருப்பதைக் கண்டே பலர் திரும்பிவிடுகிறார்கள், ஏனெனில் அதை நிரப்பித்தர இங்கே பரிந்துரை இயந்திரம் இல்லை. ஹேஷ்டேக்குகளையும் பின்தொடரலாம் என்பதைத் தயவுசெய்து சொல்லிக்கொடுங்கள்.

புதியவர்களுக்குச் சில வார்த்தைகள். சேரும் முன் சர்வரின் விதிகளைப் படியுங்கள். அவை அலங்காரத்துக்கு எழுதப்பட்டவை அல்ல. முகப்புப் படமும் இரண்டு வரி அறிமுகமும் இல்லாத கணக்கை எரிதம் (ஸ்பேம்) என்றே பலர் ஒதுக்குவார்கள். நேரடிச் செய்திகள் முனைக்கு முனை குறியாக்கம் செய்யப்படுவதில்லை. நிர்வாகி நினைத்தால் படிக்க முடியும், ஆகவே வங்கி விவரங்களை அங்கே எழுதாதீர்கள்.

சர்வர் பிடிக்கவில்லையென்றால் மாறிக்கொள்ளலாம். உங்களைப் பின்தொடர்வோர் உங்களோடு வருவார்கள், பதிவுகள் வரமாட்டா. ஆனால் பழைய சர்வர் இயங்கும்போதே மாற வேண்டும். அது மூடப்பட்ட பின் என்னிடம் வந்து அழுதால் என்னால் ஒன்றும் செய்ய இயலாது. மாஸ்டோடானின் அதிகாரபூர்வப் பட்டியலில் உள்ள சர்வர்கள் மூடுவதற்கு மூன்று மாதங்கள் முன்பே அறிவிப்பதாக உறுதியளித்தவை. பட்டியலுக்கு வெளியே உள்ளவற்றுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நீங்கள் பின்தொடரும் ஆட்களின் பட்டியலை அமைப்புகளில் உள்ள ஏற்றுமதிப் பகுதியிலிருந்து இன்றே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.