எவ்வளவு அடிச்சாலும் ஸ்டெடியா இருப்பேன் டாக்டர்

போன மாசம் ஒருத்தர் வந்தாரு, வயசு 34. ப்ளட் எடுக்க கைய நீட்டச் சொன்னா விரலெல்லாம் நடுங்குது, ஆனா வாய் மட்டும் "எனக்கு கெப்பாசிட்டி ஜாஸ்தி டாக்டர், ஆஃப் அடிச்சாலும் ஸ்டெடியா இருப்பேன்"னு சொல்லுது. கூட வந்த அம்மா, "இவங்கப்பாவும் இப்படித்தான் சார், குடிச்சிருக்காருன்னே தெரியாது"ன்னாங்க. அந்த அப்பா லிவர் கெட்டுப்போய் 51 வயசுல இறந்துட்டாரு.

இந்த கெப்பாசிட்டி பாதிக்குப் பாதி பரம்பரையா வர்றது, அதைப் பெருமையா நினைக்கிறதுதான் எனக்குப் பயமா இருக்கு. அமெரிக்காவுல மார்க் ஷுக்கிட்னு ஒரு சைக்யாட்ரிஸ்ட், குடி நோய் இருந்த அப்பாக்களோட பசங்களுக்கு 20 வயசு வாக்குல அளந்து சாராயம் கொடுத்து, யாருக்கு எவ்வளவு ஏறுதுன்னு பார்த்தாரு, பத்து வருஷம் கழிச்சு திரும்பப் பார்த்தா ரொம்பக் கம்மியா ஏறுன பசங்கள்ல 56 சதவீதம் பேர் குடி நோயாளி, நல்லா ஏறுனவங்கள்ல 14 சதவீதம்தான். காரணம் சிம்பிள். மத்தவனுக்கு ரெண்டாவது ரவுண்டுல தலை சுத்தி உடம்பே போதும்னு சொல்லிடும், இவங்களுக்கு அந்த பிரேக் இல்ல.

இதுக்கு நேர் எதிர் ஜப்பான், சீனா, கொரியா பக்கம். அங்க நிறைய பேருக்கு ஆல்கஹால் உடைஞ்சு வர்ற அசிட்டால்டிஹைடை வெளியேத்துற என்சைம் பிறவியிலயே சரியா வேலை செய்யாது, கொஞ்சம் குடிச்சாலே முகம் செவந்து நெஞ்சு படபடங்கும், அதனாலயே பலர் குடிக்கிறதில்ல. மீறிக் குடிக்கிறவங்களுக்கு உணவுக்குழாய் கேன்சர் ரிஸ்க் ரொம்ப அதிகம். குடிய நிறுத்த நாங்க குடுக்குற டைசல்ஃபிராம் மாத்திரையும் இதே என்சைமைத்தான் தடுக்குது, அதான் குடிக்கிறவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்து குடுக்காதீங்கன்னு வீட்டுக்காரங்ககிட்ட கெஞ்சுறோம், அதுமேல குடிச்சா உயிருக்கே ஆபத்தாகலாம்.

தலைக்கு ஏறலைன்னா லிவருக்கும் போகலைன்னு அர்த்தமில்ல. ஒரு குவார்ட்டர்ல கிட்டத்தட்ட 60 கிராம் ஆல்கஹால் இருக்கு, லிவர் மணிக்கு சுமாரா 7லேருந்து 10 கிராம்தான் கரைக்கும், ஸ்டெடியா இருக்கறதால லிவரோட சுமை குறையாது. இன்னொன்னு, கை நடுங்குற அளவுக்குப் போனவங்க வீட்லயே திடீர்னு நிறுத்தாதீங்க, ஃபிட்ஸ் வரலாம், டாக்டர்கிட்ட வந்து நிறுத்துங்க.

அட்மிஷன் போட்டுட்டு இருக்கும்போது அவரு மெதுவா கேட்டாரு, "பையன் பத்தாவது படிக்கிறான் சார், அவனுக்கும் வருமா?" பரம்பரை பாதிதான், மீதி எப்போ ஆரம்பிக்கிறான், யார்கூட சுத்துறான்ங்கறதுல இருக்கு, தொடவே இல்லைன்னா இந்த நோயே வராதுன்னேன். தாத்தா எப்படிப் போனாரு, உங்களுக்கு ஏன் கை நடுங்குதுன்னு நீங்களே அவன்கிட்ட உக்காந்து சொல்லுங்கன்னேன். டிஸ்சார்ஜ் அன்னைக்கு பையனைக் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லியிருக்காரு.