ரோஸ்டர் என்றால் பட்டியலா, கட்டமா?

டெல்லித் தமிழர்களுக்கு ரோஸ்டர் என்ற சொல்லை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர்களுக்கு அது அப்பாவின் பதவி உயர்வுப் பேச்சில் அடிபடுகிற சொல். கல்லூரியில் பாடம் எடுக்கிறவர்களுக்கு 13 புள்ளி, 200 புள்ளி என்று வயிற்றைக் கலக்கிய சொல். உச்ச நீதிமன்றம் போகிற வக்கீல்களுக்கு எந்த நீதிபதியிடம் எந்த வகை வழக்கு போகும் என்று சொல்கிற தாள். என்னைப் போல குர்கானில் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கிறவனுக்கு, ஞாயிறு சாயங்காலம் வாட்ஸப்பில் வந்து விழுந்து அடுத்த வாரத் தூக்கத்தை முடிவு செய்கிற எக்ஸெல் ஷீட்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் டீம் லீட் அதை அனுப்பும்போது அவசரத்தில் எழுத்துப்பிழை விட்டுவிட்டார். ஒரு 'ஓ' கூடுதலாக விழுந்து ரோஸ்டர் ரூஸ்டர் ஆகிவிட்டது, அதாவது சேவல். உடனே ஒருத்தன் கோழிப் படம் போட்டான், இன்னொருத்தன் "நைட் ஷிஃப்ட்டுக்குக் கூவி எழுப்புமா அண்ணா?" என்று கேட்டான், ராத்திரி முழுக்க அதே சிரிப்பு. வீட்டுக்கு வந்து சும்மா அகராதியைப் புரட்டினால், தப்பு செய்த மனுஷன்தான் மூலத்துக்கு நெருக்கமாக எழுதியிருக்கிறார். டச்சு மொழியில் இந்தச் சொல்லை இரண்டு 'ஓ' போட்டுத்தான் எழுதுகிறார்கள். சேவலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சேவல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல், பறவை அடையும் கிளையைக் குறிக்கும் வேறொரு சொல்லிலிருந்து வந்தது.

டச்சில் அந்தச் சொல்லுக்கு முதல் பொருள், இறைச்சியை நெருப்பில் வாட்ட வைக்கும் கம்பித் தட்டு. வாட்டுதல் என்ற வினையிலிருந்து பிறந்த பெயர். அந்த வகையில் நம் உடுப்பி ஓட்டல் நெய் ரோஸ்ட்டும் ஆபீஸ் ரோஸ்டரும் ஒன்றுவிட்ட பங்காளிகள். தாளில் இணைகோடுகள் இழுத்துப் பெயர்களை எழுதியபோது அது கம்பித் தட்டு மாதிரியே தெரிந்ததால், கோடு போட்ட பட்டியலுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் டச்சுக்காரர்கள் பள்ளிக்கூடக் கால அட்டவணையையும் இதே சொல்லால்தான் குறிக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது ஆங்கிலத்துக்குப் படைச் சொல்லாக வந்தது: எந்த அதிகாரிக்கு எப்போது காவல் முறை என்பதைக் காட்டும் பட்டியல்.

டச்சுச் சொல் என்றதும் நமக்கு ரொம்பத் தூரம் என்று நினைக்க வேண்டாம். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தவர்கள் விட்டுப்போனதுதான் துட்டு. அவர்களுடைய செப்புக்காசின் பெயர். கக்கூஸும் அவர்கள் கொடுத்ததே. இந்தத் துட்டை மறந்துவிடாதீர்கள், கீழே வேலை இருக்கிறது.

சரி, இப்போது அமெரிக்காவுக்குப் போகலாம். எங்கள் வாடிக்கையாளர்கள் செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை மீட்டிங்கின் முதல் ஐந்து நிமிடம் ஃபுட்பால் பேசுவார்கள். காலால் உதைக்கிற நம் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஹெல்மெட்டோடு மோதுகிற விளையாட்டு. இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் நமக்குத் திங்கட்கிழமை விடிகாலை ஐந்து மணிக்குத் தொடங்கும், ராத்திரி வேலை முடிகிற நேரம், வேறு வழியில்லாமல் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. அந்த ஆட்ட மைதானத்துக்கு அமெரிக்கர்கள் வைத்திருக்கிற செல்லப்பெயரும் வாட்டுகிற கம்பித் தட்டுதான்! ஒரு காலத்தில் மைதானம் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டிருந்தார்கள், அதனால் வந்த பெயர். ஆக கம்பித் தட்டின் மேல் ஆடுகிறவர்களின் பெயரை எழுதி வைப்பதும் இன்னொரு கம்பித் தட்டில்.

இந்தக் கம்பித் தட்டுக் கதையை இவ்வளவு இழுப்பதற்குக் காரணம், ரோஸ்டரைப் 'பட்டியல்' என்று தமிழாக்கிவிட்டால் அதிலுள்ள முக்கியமான சமாச்சாரம் கழன்றுவிடுகிறது. மளிகைப் பட்டியலில் இன்னும் இரண்டு வரி எழுதலாம், தாள் போதாவிட்டால் திருப்பி எழுதலாம். ரோஸ்டரில் முதலில் இருப்பது கட்டம். பெயர் அப்புறம்தான் வரும், கட்டத்துக்கு மேல் வரவும் முடியாது. கல்லூரி ஆசிரியர் வேலையில் இடஒதுக்கீட்டை எண்ணுகிற 13 புள்ளி ரோஸ்டர் சண்டை இதைப் பற்றியதுதானே? 4, 8, 12ஆம் இடங்கள் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு, 7ஆம் இடம் பட்டியல் சாதியினருக்கு, 14ஆம் இடம் பழங்குடியினருக்கு. துறை சின்னதாக இருந்தால் அந்த எண் வரை போய்ச் சேர்வதற்குள் ஒரு தலைமுறை ஆசிரியர்கள் ஓய்வு பெற்றுவிடுவார்கள். யாருடைய பெயரும் அங்கே எழுதப்படவில்லை, கட்டம் எண்ணுகிற முறை மட்டும் துறை துறையாக என்று மாறியது, அதற்கே டெல்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் தெருவுக்கு வந்தார்கள். கடைசியில் 2019இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு, துறை துறையாக எண்ணாமல் நிறுவனம் முழுவதையும் ஒன்றாக எண்ணச் சொன்னது.

அமெரிக்கக் கால்பந்திலும் கட்டம்தான் ராஜா. 32 அணிகள். கோடைப் பயிற்சியின்போது ஒவ்வொரு அணியும் 90 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். ஆகஸ்ட் கடைசியில் அது 53 ஆகிவிட வேண்டும். அதிலும் ஆட்ட நாளன்று உடை மாட்டி இறங்கக்கூடியவர்கள் 48 பேர்வரைதான். இதற்கு மேல் பணத்துக்கும் ஒரு கோடு. நில உச்சவரம்பு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அந்த மாதிரி சம்பள உச்சவரம்பு. 1994இல் கொண்டுவந்தபோது ஓர் அணிக்கு 3 கோடியே 46 லட்சம் டாலர், 2025இல் 27 கோடியே 92 லட்சம் டாலர். முதலாளி எத்தனை பெரிய கோடீஸ்வரனாக இருந்தாலும் எல்லா அணிக்கும் ஒரே உச்சவரம்பு. கட்டமும் துட்டும், இரண்டும் அளவு. அதற்குள் கோப்பை வாங்கிக் காட்டு என்கிறார்கள்.

எங்கள் செய்யாறு பக்கத்துத் தெருக்கூத்து ஜமாவைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். வாத்தியார் சீசனுக்கு முன்னால் ஆட்டக்காரர்களுக்கு முன்பணம் கொடுத்து ஜமா சேர்ப்பார். கையில் இருக்கிற பணம் முழுவதையும் நல்ல துரியோதன வேஷக்காரருக்கே கொட்டிவிட்டால் பெண் வேஷத்துக்கு ஆள் இருக்காது, முகவீணைக்காரர் பக்கத்து ஜமாவுக்குப் போய்விடுவார், கட்டியக்காரன் வேஷத்துக்கு யாராவது சின்னப் பையனைப் பிடித்து நிறுத்தி விடிய விடிய ஊர்க்காரர்களிடம் பேச்சு வாங்க வேண்டும். கெட்டிக்கார வாத்தியார் என்ன செய்வார்? நன்றாக ஆடக்கூடிய, இன்னும் பெயர் வாங்காத இளசு ஒன்றைக் குறைந்த முன்பணத்தில் பிடித்துப் பெரிய வேஷம் கட்டவைத்து, மிச்சப் பணத்தில் மேளக்கட்டைச் சரி பண்ணுவார்.

2013 பருவத்தில் சியாட்டில் சீஹாக்ஸ் செய்தது அச்சு அசலாக இதே வேலை. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக்தான் அங்கே ராஜபார்ட், சம்பளமும் அவருக்குத்தான் அதிகம். சியாட்டில் ரஸ்ஸல் வில்சனை 2012 டிராஃப்டின் மூன்றாம் சுற்றில் எடுத்தது. கல்லூரியிலிருந்து வருகிறவர்களை அணிகள் முறைவைத்து எடுப்பதுதான் டிராஃப்ட். ஏழு சுற்று, போன வருடம் கடைசியில் வந்த அணிக்கு முதல் முறை, கோப்பை வாங்கியவனுக்கு ஒவ்வொரு சுற்றிலும் கடைசி முறை. அப்படி வருகிறவர்களுக்கு முதல் நான்கு வருடச் சம்பளம் எடுக்கப்பட்ட வரிசைப்படி ஏறக்குறைய நிர்ணயிக்கப்பட்டுவிடும். வில்சன் கோப்பை வாங்கிக்கொடுத்த வருடம் அவருக்காகக் கணக்கில் ஏறிய தொகை 10 லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை. மிச்சத் துட்டு தடுப்பாட்டத்துக்குப் போனது. அந்தத் தடுப்பில் பேர் போன ரிச்சர்ட் ஷெர்மனும் கேம் சான்சலரும் ஐந்தாம் சுற்றில் பொறுக்கியெடுத்தவர்கள்.

இதே வில்சன் பின்னால் டென்வருக்குப் போனார், பெரிய ஒப்பந்தம், ஆட்டம் எடுபடவில்லை, 2024இல் அனுப்பிவிட்டார்கள். ஆள் போன பிறகும் இரண்டு வருடக் கணக்கில் ஏறக்குறைய 8 கோடியே 50 லட்சம் டாலர் டென்வர் தலையில். இதை அவர்கள் செத்த பணம் என்பார்கள். நம்மூர் ஏலச்சீட்டை முதல் மாதமே தள்ளி எடுத்தவன் கதைதான் இது. பெரிய தொகையைக் கையில் கொடுத்துவிட்டுக் கணக்கில் வருடம் வருடமாகப் பிரித்து எழுதுவார்கள். ஆளை இடையில் அனுப்பினால் எழுதாத பாக்கி மொத்தமும் வந்து நிற்கும். எடுத்த சீட்டு செலவாகிவிட்டது, மாதத் தவணை மட்டும் நிற்காது.

இளசுகளை நம்புவது ஒன்றுதான் வழி என்றும் இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் நேரெதிராகப் போனது. 2017 முதல் 2023 வரை ஒரு வருடம்கூட அவர்கள் முதல் சுற்றில் ஆள் எடுக்கவில்லை, அந்த முறைகளை மற்ற அணிகளுக்குக் கொடுத்துப் பேர் வாங்கிய ஆட்டக்காரர்களையும் கூடுதல் முறைகளையும் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். மேத்யூ ஸ்டாஃபோர்டு, ஜேலன் ராம்சி எல்லாம் அப்படி வந்தவர்கள். வான் மில்லருக்கு இரண்டாம், மூன்றாம் சுற்று முறைகளைக் கொடுத்தார்கள். 2022 பிப்ரவரியில் கோப்பை வந்தது. எனக்கு இது வீட்டை அடகு வைத்துக் கல்யாணம் பண்ணுகிற மாதிரிதான் படுகிறது, ஆனால் கல்யாணம் ஜோராக நடந்தது என்பதை மறுக்க முடியாது.

என் மனசுக்குப் பிடித்தது ஃபிலடெல்பியா ஈகிள்ஸ். 2025 பிப்ரவரி சூப்பர் பவுலில் கான்சஸ் சிட்டியை 40-22 என்று சாத்தியது. சாக்வான் பார்க்லியைப் போட்டி அணியான நியூயார்க் ஜயன்ட்ஸிலிருந்து ஒப்பந்தம் முடிந்த கையோடு தூக்கி வந்தார்கள். 2024 டிராஃப்டில் எடுத்த கூப்பர் டிஜீன், அந்த இறுதி ஆட்டத்தில், தன் 22ஆவது பிறந்தநாளில் எதிரணி எறிந்த பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடிப்போய்ப் புள்ளி எடுத்தார். ஆனால் சொல்ல வேண்டிய ஆள் ஜோர்டன் மைலாட்டா. சிட்னிப் பையன், ரக்பி ஆடிக்கொண்டிருந்தவர். ஆறு அடி எட்டு அங்குலம். 2018இல் ஏழாம் சுற்றில், 233ஆவது ஆளாக எடுத்தபோது அவர் ஓர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில்கூட ஆடியதில்லை. ஒன்றுமே தெரியாத ஆளுக்கு 53 கட்டத்தில் ஒன்றை ஒதுக்கி வைத்து இரண்டு வருடம் சொல்லிக்கொடுத்தார்கள், பிற்பாடு குவார்ட்டர்பேக்கின் இடப்பக்கத்துச் சுவர் அவர்தான். அந்தக் கட்டத்தில் அன்றைக்கே உபயோகப்படுகிற யாரையாவது உட்கார வைத்திருக்கலாம். கட்டத்தின் விலை தெரிந்தவனுக்குத்தான் இப்படிக் காத்திருக்கவும் தெரியும் போலிருக்கிறது.

தமிழில் என்ன சொல்வது என்று இப்போது பார்க்கலாம். ஒரே சொல்லை எல்லா இடத்திலும் ஒட்டவைக்க முயன்றால் எங்கேயும் ஒட்டாது.

ஷிஃப்ட் ரோஸ்டருக்கு 'முறைப்பட்டியல்' போதும். 'பணிமுறைப் பட்டியல்' என்று நீட்டலாம், தேவையில்லை. முறை என்பது நம்மிடம் பழைய சொல், கோயில் பூசைக்கு முறை, வாய்க்கால் தண்ணீருக்கு முறை, "இந்த வாரம் உன் முறை" என்றால் குழந்தைக்கும் புரியும். வேலைவாய்ப்பு ரோஸ்டருக்குத் தமிழ்நாட்டு அரசு அறிவிப்புகளில் இனச்சுழற்சி என்ற சொல் எப்போதோ நிலைத்துவிட்டது, டெல்லியில் உட்கார்ந்து நாம் புதிதாக ஒன்று செய்ய வேண்டாம். நீதிமன்றத்துக்கு 'வழக்கு ஒதுக்கீடு'. 2018 ஜனவரி 12ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் மூத்த நீதிபதிகள் நான்கு பேர் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டுப் பேசியபோது நாடு முழுக்க அடிபட்டதே, மாஸ்டர் ஆஃப் த ரோஸ்டர் என்று, அதைப் 'பட்டியலின் எஜமானர்' என்று எழுதினால் ரேஷன் கடைக்காரர் நினைவுதான் வரும். வழக்கு ஒதுக்கும் அதிகாரம் யாருக்கு என்பதுதானே பேச்சு.

விளையாட்டில்தான் சிக்கல். அச்சடித்துக் கையில் கொடுக்கிற தாள் என்றால் ஆட்டக்காரர் பட்டியல், அதில் தப்பில்லை. ஆனால் ரோஸ்டர் பில்டிங் என்பதை 'பட்டியல் தயாரித்தல்' என்று ஒருவர் எழுதியதைப் பார்த்துத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். தயாரிப்பதற்கு அது என்ன ஊறுகாயா? 'அணி கட்டுதல்' என்றால் வேலை முடிந்தது. அணி என்றாலே வரிசை, படை வகுப்பு என்ற பொருள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, முன்னணி, பின்னணி, அணிவகுப்பு எல்லாம் அதன் பிள்ளைகள். ஒப்பந்தத்தில் இருக்கிற 53 பேரையும் சேர்த்துச் சொல்ல ஒரு பெயர்ச்சொல் வேண்டுமென்றால் என் ஓட்டு 'ஆள்கட்டு' என்பதற்கு. ஊரில் "அவருக்கு ஆள்கட்டு உண்டு" என்றால் வேண்டிய நேரத்தில் வந்து நிற்க ஆட்கள் இருக்கிறார்கள் என்று பொருள். கட்டு என்பதில் கட்டுப்பாடும் ஒளிந்திருக்கிறது. அடியாள் வாசனை கொஞ்சம் அடிக்கும் என்று நண்பர் ஒருவர் மூக்கைச் சுளித்தார். ஹெல்மெட் போட்டு மோதுகிற விளையாட்டுக்கு அந்த வாசனை இருந்துவிட்டுப் போகட்டுமே.

90ஐ 53 ஆக்குகிற நாளுக்குச் சொல் தேடவே வேண்டாம், 'கழற்றிவிடுதல்' தயாராக இருக்கிறது. அணிக்கு 37 பேர், 32 அணிக்கும் சேர்த்து 1,184 பேரைக் கழற்றிவிட வேண்டிய கணக்கு. அதில் அணிக்குப் பதினாறு, பதினேழு பேரை மறுநாளே கூப்பிட்டுப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்வார்கள். சம்பளம் உண்டு, 53இல் இடம் கிடையாது, யாருக்காவது கால் பிசகினால் மேலே போகலாம். இவர்களுக்கு 'பயிற்சிக் குழு' என்று எழுதலாம்தான். ஆனால் தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டவர்களுக்கு ஆர்ஏசி என்றால் உடனே விளங்கிவிடும். வண்டியில் ஏறியாச்சு, உட்கார அரை இருக்கை இருக்கிறது, படுக்க பெர்த் இல்லை, போபால் தாண்டியும் டிடிஆர் முகத்தையே பார்த்துக்கொண்டு வர வேண்டும்.