மின்னலுக்குக் குப்புறப் படுக்காதீர்கள்

முதலுதவி வகுப்புகளில் நான் வழக்கமாகக் கேட்பது: "தோட்டத்தில் நிற்கிறீர்கள், மின்னல் வெட்டுகிறது. என்ன செய்வீர்கள்?" வயதானவர்கள் யோசிக்காமலே சொல்வார்கள்: "குப்புறப் படுப்பம்."

ஷெல்லடி காலத்தில் யாழ்ப்பாணத்து உடம்புகளில் ஏறிய பழக்கம் அது. ஷெல்லுக்கு அது சரி. துண்டுகள் பக்கவாட்டிலும் மேலேயும் சிதறும். நிலத்தோடு கிடந்தவருக்குத் தப்பும் வாய்ப்பு அதிகம். மின்னலுக்கு அதுவே ஆபத்து.

பனையில் விழுந்த மின்னல் பனையோடு முடிவதில்லை. அடிமரத்தால் இறங்கி நிலத்தில் நாலா பக்கமும் பரவும். மரத்தடியில் மின்னழுத்தம் மிகக் கூட, தள்ளிப் போகப் போகக் குறையும். நீட்டிப் படுத்திருப்பவரின் தலைக்கும் காலுக்கும் இடையே அந்த வித்தியாசம் பெரிதாகிவிடும், மின்சாரம் உடம்புக்குள்ளால் பாயும். மரத்தடியில் நிற்கும் மாடுகள் ஒரே மின்னலில் கூட்டமாகச் சாவதும் இதனால்தான்: முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம், நடுவில் இதயம். மின்னலால் பாதிக்கப்படுவோரில் நேரடியாகத் தாக்கப்படுபவர்கள் சிலரே. நிலத்தால் வரும் மின்சாரத்துக்குத்தான் கூடுதலானோர் அகப்படுகிறார்கள்.

அப்ப குந்தியிருக்கலாமா என்று கேட்பார்கள். ஒதுங்க இடமே இல்லாவிட்டால் மரத்தையும் கம்பி வேலியையும் விட்டு விலகி, இரண்டு பாதங்களையும் சேர்த்துவைத்துக் குந்துங்கள். கையை நிலத்தில் ஊன்ற வேண்டாம். அதுவும் பாதுகாப்பு இல்லை, கடைசி வழி மட்டுமே.

கல்வீடு, கண்ணாடி ஏற்றிய கார், பஸ் நல்லவை. ஓலைக் கொட்டில் மழைக்குத்தான் உதவும். மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவென்றால் இடி 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு உள்ளே போங்கள். கடைசி முழக்கம் கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள். ஐப்பசியில் பின்னேரங்களில் யாழ்ப்பாணத்தின் வல்லை வெளி எனும் திறந்த நிலத்தால் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களே, முழக்கம் கேட்டால் வெளிக்குள் இறங்காமல் ஏதாவது கடைக்குள் நின்றுவிடுங்கள்.

இன்னொன்றைக் கெஞ்சியே கேட்கிறேன். அடிபட்டவரைத் தொட்டால் 'ஷொக்' அடிக்குமென்று தள்ளி நிற்காதீர்கள். அவர் உடம்பில் மின்சாரம் தங்காது. மூச்சு இல்லையென்றால், பக்கத்தில் ஒருவரை 1990 என்ற இலங்கை அம்புலன்ஸ் எண்ணுக்கு அழைக்கச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் இரு கைகளாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தத் தொடங்குங்கள். அம்புலன்ஸ் வரும்வரை நிறுத்த வேண்டாம்.