பித்தளைக் குழுவில் எதற்கு நாலு ட்யூபா?

பிரிட்டிஷ் பித்தளை வாத்தியக் குழுக்களையும், அவற்றில் மிகத் தாழ்ந்த சுரம் தரும் பெரிய குழலான ட்யூபாவையும் பற்றி ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "கடைசியில் நாலு பேர் ட்யூபாவோடு உட்கார்ந்திருக்கிறார்களே, ஒருவர் பலமாக ஊதினால் போதாதா?" போதாது. ஆனால் அதற்குக் காரணம் சத்தம் இல்லை. இரண்டு பேர் ஒரே சுரத்தை ஒரே அளவில் ஊதினால் கூடுவது ஏறத்தாழ 3 டெசிபல்தான், காதுக்கு அது இரட்டிப்பாகத் தெரியவே தெரியாது.

யார்க்ஷயரில் பிளாக் டைக், கிரைம்தோர்ப் மாதிரி மில்லையும் நிலக்கரிச் சுரங்கத்தையும் ஒட்டி வளர்ந்த குழுக்களில் வழக்கமாக 25 பித்தளைக் கலைஞர்கள் இருப்பார்கள், அதில் நாலு பேர் ட்யூபா. அங்கே அதை 'பேஸ்' என்றுதான் சொல்வார்கள். இரண்டு ஈ-ஃபிளாட், அவற்றைவிடப் பெரிய, தாழ்ந்த சுருதியுள்ள இரண்டு பி-ஃபிளாட் (இவை கருவியின் சுருதியைச் சொல்லும் பெயர்கள்). பி-ஃபிளாட் குழாயை நீட்டிப் போட்டால் சுமார் ஐந்தரை மீட்டர் வரும். அந்தப் பகுதியில் இருந்த நாட்களில் ஒரு சின்னக் குழுவில் இரண்டாவது பி-ஃபிளாட் நாற்காலி எனக்குக் கிடைத்தது. அங்கே உட்கார்ந்துதான் விம்மல் என்றால் என்ன என்று எனக்கு உண்மையில் விளங்கியது.

விம்மல் பிளஸ் ஒன்னில் படித்ததுதான். 256, 258 ஹெர்ட்ஸ் இசைக்கவைகளைச் சேர்த்து அதிரவிட்டால் ஒலி நொடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். தம்புராவுக்குச் சுருதி சேர்க்கும்போது அலை அலையாக வருமே, அதுவேதான். சரி, இப்போது பி-ஃபிளாட் ட்யூபாவின் தாழ்ந்த சுரமான 58 ஹெர்ட்ஸுக்கு வருவோம். 440 ஹெர்ட்ஸில் ஒரு ஹெர்ட்ஸ் பிசகினால் அது அரைச்சுரத்தில் (ஹார்மோனியத்தில் கறுப்பு வெள்ளை சேர்த்து அடுத்தடுத்த இரண்டு கட்டைகளின் இடைவெளி) இருபத்தைந்தில் ஒரு பங்கு, யாரும் கவனிக்க மாட்டார்கள். 58-இல் அதே ஒரு ஹெர்ட்ஸ் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு! அத்தனை பெரிய பிசகுக்கும் அடிப்படைச் சுரம் நொடிக்கு ஒரே ஒரு முறைதான் விம்மும். அப்படியென்றால் இவர்கள் எதை வைத்துச் சுருதி சேர்க்கிறார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ட்யூபா ஒரே ஒரு அதிர்வெண்ணைத் தருவதில்லை, 58, 116, 174 என்று சீரிசைகளின் ஏணியையே தருகிறது. குழாயின் ஒத்ததிர்வுகள் இந்தக் கணக்கில் கச்சிதமாக அமைவதில்லை, கொஞ்சம் முன்னே பின்னேதான் இருக்கும். ஆனால் ஊதுபவரின் உதடு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை திறந்து மூடி, ஒரே வடிவமுள்ள காற்றுத் துடிப்பைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறது. அச்சு அசலாகத் திரும்ப வரும் எந்த அலையிலும் முழு எண் மடங்குகள் மட்டுமே இருக்க முடியும். ஆகவே எட்டாவது சீரிசை துல்லியமாக எட்டு மடங்கு. (கோயில் மணியில் இப்படிக் கிடையாது.) அடியில் ஒரு ஹெர்ட்ஸ் பிசகு, எட்டாவது படியில் எட்டு ஹெர்ட்ஸ். அடியில் சோம்பலாக ஆடுவது மேலே கரகரவென்று உறுமும்.

58 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 6 மீட்டர், அது அரங்கம் முழுக்க வளைந்து பரவிவிடும். மேல் சீரிசைகள் மெலிதானவை, சின்ன ட்ரம்பெட் போன்ற கார்னெட்டுகளின் ஒலியில் எளிதில் புதைந்துவிடும். அவற்றைத் தெளிவாகக் கேட்க வேண்டுமானால் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். உதட்டை இம்மியளவு தளர்த்துவேன், உறுமல் நொடிக்கு எட்டு, நாலு, இரண்டு என்று தளர்ந்து திடீரென நிற்கும், இரண்டு ட்யூபாவும் ஒரே பெரிய குழாயாகிவிடும்.

இதற்குப் பதிலாகச் செல்போன் டியூனரை வைத்து முள்ளைப் பார்ப்பவர்களை நான் ஏற்பதில்லை. டிசம்பரில் தெருமுனையில் நின்று கிறிஸ்துமஸ் பாட்டு வாசிக்கும்போது, காற்று ஒரு டிகிரி குளிர்ந்தால் சுருதி அரைச்சுரத்தில் சுமார் நூற்றில் மூன்று பங்கு இறங்கும். சின்ன கார்னெட் மூச்சுச் சூட்டில் சீக்கிரம் மீளும், பெரிய பேஸ் மெதுவாகத்தான் மீளும். முள் சுழியத்தில் நின்று என்ன பயன், பக்கத்தில் இருப்பவர் வேறு இடத்தில் இருந்தால்?

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகளாகப் பித்தளைக் கருவிகளின் ஒலியியலை ஆராய்கிறார்கள். இதற்கெல்லாம் எதற்கு நிதி என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஊதும் உதடும் பேசும் குரல்நாணும் ஏறத்தாழ ஒரே இயற்பியலில்தான் அதிர்கின்றன.

அப்புறம், வாசகரின் கேள்வி. பேஸ் மூச்சை அள்ளிக் குடிக்கும், நீண்ட சுரத்தை ஒருவர் தனியாகத் தாங்க முடியாது. நான் மூச்சு வாங்கும்போது அவர் பிடித்திருப்பார், அவர் வாங்கும்போது நான். திரும்ப நுழைகிறவர் விம்மல் இல்லாமல் நுழைந்தால் சுரம் அறுந்து ஒட்டியது அரங்கில் யாருக்கும் தெரியாது.