கார்ல் சேகனும் வெள்ளியின் சூடும்

அமெரிக்க வானியலாளர் கார்ல் சேகன் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது தொலைக்காட்சிதான். 1980-இல் வெளியான அவருடைய ‘காஸ்மாஸ்’ தொடர் 13 பகுதிகளாக வந்து உலகம் முழுக்கச் சுற்றியது. அதன் பத்தாம் பகுதியில் கும்பகோணத்துக்குப் பக்கத்திலுள்ள தாராசுரம் கோயிலும் பொங்கல் பண்டிகையும்கூட உண்டு. இதனால் ‘டி.வி. விஞ்ஞானி’ என்ற பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. புகழ்ச்சியைவிட அதில் ஏளனமே அதிகம். உண்மையில், கேமராவுக்கு முன் வந்து நிற்பதற்கு வெகுகாலம் முன்பே அவர் ஒரு கோளின் கதையை மாற்றி எழுதியவர்களில் ஒருவர்.

1934-இல் நியூயார்க்கின் புரூக்ளினில், ஆயத்த ஆடைத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார் சேகன். சிகாகோ பல்கலைக்கழகத்தில் வானியலாளர் ஜெரார்டு கைப்பரிடம் ஆய்வு செய்து 1960-இல் முனைவர் பட்டம் வாங்கினார். அந்த ஆய்வேட்டின் ஒரு பகுதி வெள்ளிக் கோளைப் பற்றியது.

அன்றைக்கு வெள்ளி பெரிய புதிர். உருவத்தில் கிட்டத்தட்ட பூமியளவு. ஆனால் எப்போதும் மேகம் மூடிக் கிடப்பதால் தரை கண்ணில் படாது. மேகம் இருந்தால் மழை, மழை இருந்தால் சதுப்பு நிலம், அப்புறம் டைனோசர் என்று கற்பனை ஓடியது. ஒன்றுமே தெரியவில்லை என்பதிலிருந்து டைனோசர்வரை போய்விட்டார்களே என்று சேகனே பின்னாளில் கிண்டலடித்தார்.

1956-இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தினர் ரேடியோ தொலைநோக்கியை வெள்ளியின் பக்கம் திருப்பினார்கள். சூடுள்ள எந்தப் பொருளும் ரேடியோ அலைகளையும் உமிழும். சூடு ஏற ஏற அளவும் கூடும். வெள்ளியிலிருந்து வந்த அலைகளைக் கணக்கிட்டால் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் வந்தது. தரைதான் அவ்வளவு சூடா? அல்லது தரை இதமாக இருக்க, உயரத்திலுள்ள அயனி மண்டலத்தின் மின்துகள்கள் இந்த அலைகளைக் கிளப்புகின்றனவா? இரண்டாவது விளக்கத்தைத்தான் பலர் விரும்பினார்கள். உயிர் இருக்கலாம் என்ற ஆசையை அது விட்டுவைத்தது.

தரைதான் சூடு என்றார் சேகன். காரணம், பசுமை இல்ல விளைவு. வெள்ளிக்கு இதை முதலில் பொருத்திப் பார்த்தவர் வானியலாளர் ரூபர்ட் வில்ட், 1940-இல். சேகன் அதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். கோளுக்குள் வரும் வெயில் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் ஒளி. சூடேறிய தரை அதைத் திருப்பி அனுப்புவது அகச்சிவப்புக் கதிராக. கரியமில வாயு முதலாவதை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும், இரண்டாவதை விழுங்கிக்கொள்ளும். வரவு இருக்க, செலவு அடைபட்டுப்போகும். மேல் அடுக்குகள் வழியாக வெளியேறும் கதிர் உள்ளே வருவதற்குச் சமமாகும்வரை கீழே சூடு ஏறிக்கொண்டே போகும்.

இதில் விசித்திரம் என்னவென்றால், வெள்ளி உள்வாங்கும் வெயில் பூமி உள்வாங்குவதைவிடக் குறைவு. மேகங்கள் முக்கால்வாசி ஒளியைத் திருப்பி விடுகின்றன. இந்த வாயுப் போர்வை மட்டும் இல்லையென்றால், கணக்குப்படி வெள்ளியின் வெப்பம் சுமார் மைனஸ் 40 டிகிரிதான்.

சேகன் தன் கணக்கில் நீராவியைப் பெரிதாக நம்பியிருந்தார். வெள்ளியில் நீராவி மிகச் சொற்பம் என்பது பிறகு தெரிந்தது. வேலையைச் செய்வது கரியமில வாயுவும் அழுத்தமும். காற்றில் 96 விழுக்காடு கரியமில வாயு, தரையில் அழுத்தம் பூமியைப்போல் சுமார் 90 மடங்கு. அவ்வளவு நெரிசலில் மூலக்கூறுகள் ஓயாமல் மோதிக்கொள்வதால், குறிப்பிட்ட சில அலைநீளங்களை மட்டும் விழுங்க வேண்டிய வாயு அக்கம்பக்கத்து அலைநீளங்களையும் சேர்த்து விழுங்குகிறது. கதிர் தப்பித்துப்போகும் சந்துகள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன.

சரி, தரையா, அயனி மண்டலமா? இதைத் தீர்த்தது மாரினர் 2 விண்கலம். சேகனும் அந்தத் திட்டத்தில் இருந்தார். அதில் கேமரா கிடையாது. ரேடியோ அலைகளை அளக்கும் கருவி இருந்தது. சோதனையின் சூட்சுமம் எளிது. வாழைக்காயை நேராக வெட்டினால் சின்ன வில்லை, சாய்த்து வெட்டினால் நீளமான துண்டு. கோளின் நடுவைப் பார்க்கும்போது பார்வை வளிமண்டலத்தை நேராகக் கடக்கிறது. விளிம்பைப் பார்க்கும்போது சாய்வாக, நீண்ட தூரம் கடக்கிறது. அலைகள் அயனி மண்டலத்தில் பிறந்தால், விளிம்பில் அந்த அடுக்கு அதிகம் அகப்படும். விளிம்பு பிரகாசமாக இருக்கும். தரையில் பிறந்தால், விளிம்பில் குளிர்ந்த காற்று அதிகம் குறுக்கிடும், விளிம்பு மங்கும். 1962 டிசம்பர் 14 அன்று சுமார் 35,000 கிலோமீட்டர் தொலைவில் கடந்துபோன மாரினர் 2, வெள்ளியின் வட்டத்தை மூன்று முறை வருடியது. விளிம்பு மங்கித்தான் இருந்தது. 1970-இல் சோவியத்தின் வெனெரா 7 நேரே தரையில் இறங்கி அனுப்பிய அளவு சுமார் 475 டிகிரி. ஈயம் உருகி ஓடும் சூடு.

இவ்வளவுக்குப் பிறகும் 1968-இல், தான் வேலை பார்த்துவந்த ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேகனுக்கு நிரந்தரப் பணி கிடைக்கவில்லை. கார்னெல் பல்கலைக்கழகம் கூப்பிட்டது, போனார், கடைசிவரை அங்கேதான். செவ்வாயில் பருவத்துக்குப் பருவம் நிறம் மாறுவது தாவரத்தால் அல்ல, காற்று அள்ளிப்போடும் தூசியால் என்று தன் மாணவர் ஜேம்ஸ் போலாக்குடன் சேர்ந்து சொன்னதும் பலித்தது. ஆனாலும் 1992-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாதமி அவரை உறுப்பினராக ஏற்கவில்லை. 1994-இல் அதே அகாதமி பொதுநலப் பதக்கம் கொடுத்தது. உறுப்பினர் பதவி மட்டும் வரவே இல்லை. 1996-இல் 62 வயதில் இறந்துபோனார்.

என்னைக் கேட்டால், வெள்ளி ஆய்வுக்கு அடுத்து அவர் செய்ததில் சுவையானது கலிலியோ சோதனைதான். வியாழனுக்குப் போகும் வழியில், 1990 டிசம்பரில் கலிலியோ விண்கலம் பூமியை ஒட்டிக் கடந்தது. பூமியைப் பற்றி எதுவும் தெரியாதவர்போல் அந்தக் கருவிகளை மட்டும் வைத்து, இங்கே உயிர் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியுமா? சேகனும் கூட்டாளிகளும் 1993-இல் ‘நேச்சர்’ இதழில் பதில் எழுதினார்கள். காற்றில் ஏராளமான ஆக்சிஜன், கூடவே மீத்தேன். இரண்டும் ஒன்றாக நீடிக்காது. ஆக்சிஜன் மீத்தேனைத் தின்று தீர்த்துவிடும். அப்படியும் இருக்கிறதென்றால், கீழே ஏதோ ஒன்று அதைத் தொடர்ந்து உற்பத்தி செய்துகொண்டிருக்கிறது. தரையில் சிவப்பு ஒளியை விழுங்கும் ஒரு நிறமி பரவிக் கிடந்தது. இயற்கையில் வராத ரேடியோ ஒலிபரப்பும் பிடிபட்டது. வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களில் உயிர் தேடுபவர்கள் பார்க்க விரும்பும் தடயங்களில் இந்த ஆக்சிஜன்–மீத்தேன் ஜோடி இன்றும் முதல் வரிசையில் இருக்கிறது.