கஷாயம் குரல்நாணைத் தொடாது, கண்ணுகளா!

கல்லூரிகளில் கல்சுரல்ஸ் சீசன் வந்துவிட்டால் என் கிளினிக் வாசலில் தனியாக ஒரு கூட்டம் சேரும். கம்மிய குரல், கழுத்தில் மஃப்ளர், பையில் ஃபிளாஸ்க். போன வாரம் வந்த பி.காம். மாணவி அந்தக் கூட்டத்தில் இன்னும் ஒருத்தி. ஆங்கில நாடகக் குழுவில் பிராட்வே பாட்டு, அதாவது நியூயார்க் இசை நாடக மேடைப் பாட்டு, பாடுகிறாள். 'விக்கட்' நாடகத்தின் முதல் பாதி முடிகிற இடத்தில் வரும் அந்த உச்சஸ்தாயிப் பாட்டு.

"சனிக்கிழமை ஷோ டாக்டர். ஒரு ஊசி மட்டும் போட்டுவிடுங்க."

நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, 'ஈ' சொல்லச் சொல்லி ஸ்கோப்பில் பார்த்தேன். இரண்டு குரல்நாண்களிலும் எதிரெதிராகச் சின்ன வீக்கம். அவை நடுவில் முட்டிக்கொள்வதால் முன்னும் பின்னும் மூடாமல் காற்று கசிகிறது. வீணை வாசிப்பவர் விரலில் காய்ப்பு விழுவதுபோல் விழுந்திருக்கிறது, நாட்யூல்.

எத்தனை நாளாக இப்படி என்றேன். "ஒரு மாசமா. ஆனா தினமும் பால்ல மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் குடிக்கிறேன் டாக்டர்."

இங்கேதான் எனக்கு பி.பி. ஏறுகிறது. விழுங்குகிற எதுவும் குரல்நாணைத் தொடாது. தொடவே தொடாது. குரல்நாண் இருப்பது மூச்சுக்குழாயின் வாசலில். நீங்கள் விழுங்குவது அதற்குப் பின்னால் இருக்கும் உணவுக்குழாயில் போகிறது. விழுங்கும் கணத்தில் குரல்வளை மேலே ஏறும், அதன்மேல் மூடி கவிழும், குரல்நாண்களும் இறுக மூடிக்கொள்ளும். அப்படியும் தப்பி ஒரு சொட்டு உள்ளே போனால் புரையேறி, கண்ணில் தண்ணீர் வரும்வரை இருமுவீர்கள். தேன் உங்கள் குரல்நாணில் நிஜமாகவே பட்டிருந்தால் பாடியிருக்க மாட்டீர்கள், இருமிக்கொண்டிருந்திருப்பீர்கள். சித்தரத்தை, அதிமதுரம், இஞ்சிச்சாறு, வாயில் அடக்கிக்கொள்ளும் மாத்திரை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தொண்டைக்கு இதமாக இருக்கும், பாட்டிக்கும் மனசு குளிரும், தாராளமாகக் குடியுங்கள். வைத்தியம் என்று மட்டும் கணக்கு வைக்காதீர்கள்.

ஈரம் அங்கே போய்ச் சேர வழி இரண்டுதான். குடித்த தண்ணீர் ரத்தத்தில் கலந்து சுற்றி வர வேண்டும். அதற்கு நேரமாகும், மேடையேறும்போது மடக்கென்று குடித்துப் பயனில்லை, காலையிலிருந்தே குடித்து வாருங்கள். இன்னொன்று ஆவி. மூச்சோடு போவதால் நேரே போய்ச் சேருவது அது ஒன்றுதான். வெறும் தண்ணீர் போதும், தைலம் வேண்டாம்.

இனி பாட்டுக்கு வருவோம். 5 கட்டை ஸ்ருதியில் பாடும் பெண்ணுக்கு, அந்தப் பாட்டின் உச்ச ஸ்வரம் தாரஸ்தாயி நிஷாதத்தில் போய் நிற்கும். கச்சேரியில் பெரும்பாலும் தாரஸ்தாயி பஞ்சமத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவோம். இங்கே நொடிக்கு ஏறக்குறைய 700 தடவை குரல்நாண்கள் மோதுகின்றன. அதுவும் கள்ளத்தொண்டையில் இல்லை, பேசுகிற குரலின் கனத்தோடு மேலே ஏற்றிப் பாட வேண்டும். 'பெல்ட்டிங்' என்பார்கள். முறையாகப் பழகினால் ஆபத்தில்லை. 1930-ல் எதெல் மெர்மன் என்ற பாடகி பிராட்வே மேடையில் அப்படிப் பாடிப் பேர் வாங்கியபோது மைக் கிடையாது. நம் ஊர் நாடக மேடையிலும் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமென்று எட்டுக்கட்டையில் பாடினார்கள். உங்கள் ஆடிட்டோரியத்தில் மைக் இருக்கிறது, அம்மா!

பிராட்வே பாடகிகள் வாரத்துக்கு 8 காட்சி பாடுகிறார்களே என்று உடனே கேட்பீர்கள். பாடுகிறார்கள், பல வருஷப் பயிற்சியோடு. குரல் மக்கர் செய்தால் மாற்றுக் கலைஞர் தயாராக நிற்பார். நீங்கள் கேட்டுக் கேட்டுப் பழகும் ஆல்பம் ஸ்டுடியோவில் பதிவானது. உங்கள் கதை வேறு: ராத்திரி பதினொன்று வரை ஒத்திகை, நடுவில் மைதானத்தில் கத்தல், பிறகு பிரியாணி, உடனே படுக்கை. படுத்ததும் வயிற்றமிலம் ஏறும். மேலே ஊற்றிய தேன் தொடாத குரல்நாணைக் கீழிருந்து வரும் அமிலம் தொட்டுவிடும்.

ஸ்ருதியை இறக்குங்கள். மைனஸ் ஒன் டிராக்கை, அதாவது பாடுபவர் குரல் இல்லாத பின்னணி இசையை, ஒரு கட்டை இறக்கப் போனிலேயே வசதி இருக்கிறது. யாரும் மார்க் குறைக்கப் போவதில்லை.

குரல் கம்மிய அன்று ஒத்திகைக்குப் போனாலும் பாடாதீர்கள். கிசுகிசுவென்று பேசுவதை ஓய்வு என்று நினைக்காதீர்கள். அதிலும் பலர் தொண்டையை இறுக்குகிறார்கள். சும்மா சும்மா செருமாதீர்கள். தலைவலிக்கு ஆஸ்பிரின் போட்டுக்கொண்டு உச்சஸ்தாயி பாட வேண்டாம், குரல்நாணில் ரத்தம் கசிந்தால் அது பெரிய வம்பு. ஸ்டீராய்டு ஊசி வீக்கத்தைக் கொஞ்சம் வடிய வைக்கும், ஆனால் உள்ளே நடக்கும் சேதத்தை உங்களுக்குத் தெரியாமல் மறைத்துவிடும். ஸ்கோப்பில் பார்க்காமல் யார் போடுகிறேன் என்றாலும் அங்கிருந்து ஓடிவந்துவிடுங்கள்.

"ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாமா?" என்று அப்பாக்கள் கேட்கிறார்கள். வேண்டாம் சார். பெரும்பாலான நாட்யூல்கள் குரல் பயிற்சியிலேயே கரைந்துவிடும். 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தில் பாடி நடித்த ஜூலி ஆண்ட்ரூஸ் 1997-ல் குரல்நாணில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகு அந்தப் பழைய பாட்டுக் குரல் திரும்பவே இல்லை. கத்தி கடைசியில்தான்.

பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் சட்டென்று அறுந்து நின்றுவிட்டால் அன்றைக்கே வாருங்கள். மற்றபடி கம்மல் மூன்று வாரம் தாண்டினால் ஷோ முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வரும்போது என்ன பாட்டு, எந்த ஸ்ருதி, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். ஃபிளாஸ்க் வீட்டிலேயே இருக்கட்டும்.